ஔகாரப் பூட்டு

கணினியில் கட்டளையை முழுதும் அடித்து முடித்த பின்பும் சின்னவள் உடனே உள்ளிடு விசையை அழுத்துவதில்லை. ஒரு மூச்சளவு விரலை விசைக்கு மேல் நிறுத்தி, மனத்துக்குள் இறைவன் பெயரை ஒருமுறை சொல்லி, அதன் பிறகே அழுத்துவாள். பதினோராண்டுப் பழக்கம் அது. பார்ப்பவர்களுக்கு அது பக்தியா பயமா என்று தெரியாது. அந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்று அவளுக்கும் தெரியாது.

வீட்டில்தான் அவள் சின்னவள். மருத்துவமனையில் வழங்கிக் காப்பாளர். சர்வர் என்று எல்லோரும் சொல்லும் அந்த வழங்கி, குரல் காப்பகத்தின் பின்னறையில், ஆளுயர இரும்பு அலமாரியொன்றில், பச்சை விளக்குகள் இமைக்க நின்றது. தொண்டையில் அறுவை செய்துகொண்டு குரலை இழக்கப் போகிறவர்கள், இழப்பதற்கு முந்திய நாள்களில் அங்கே வந்து ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களை வாசித்துப் பதிந்துவிட்டுப் போவார்கள். பின்னர் ஒரு கையடக்கக் கருவி அந்தப் பதிவிலிருந்து ஒலிகளைப் பொறுக்கிக் கோத்து, அவர்கள் எழுதுவதை அவர்கள் குரலிலேயே பேசும். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் குரல் அந்த அலமாரிக்குள் இருந்தது. உள்ளே நுழையும்போதெல்லாம், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வாய்திறவாமல் வீற்றிருக்கும் அவைக்குள் நுழைவதுபோல் அவள் காலடியைத் தணித்தே வைப்பாள்.

குரல் கொடுத்தவர்களுக்கு ஓர் அச்சம் இருந்தது. தாம் சொல்லாத ஒன்றை யாரேனும் தம் குரலில் சொல்ல வைத்துவிட்டால்? ஒவ்வொருவரின் குரலும் அவரவர் தேர்ந்த, கடவுச்சொல்லைப் போன்ற நீண்ட கடவுத்தொடரால் பூட்டப்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் அலுவலகத்திடம் ஒரு பொதுச்சாவியும் இருந்தது. எந்தக் குரலையும் அது திறக்கும். அந்தச் சாவி இருக்கவே கூடாது என்று அவர்கள் கூடி எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகம் இசைந்தது. வேலை சின்னவளிடம் வந்தது.

வருபவர் உரியவர்தானா என்று பார்க்கும் புதிய அடையாளச் சோதனை மென்பொருள் கூறு ஒன்றை அவள் தேர்ந்தாள். ஒரு முற்பகலில் அதை நிறுவினாள். கறுப்புத் திரையில் ஒற்றை வரி. அதன் மறுமொழியாக மழைத்தாரைபோல் நூறு வரி இறங்கி நின்றது. பின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். அதில் வரிக்கு ஒரு வாயிற்காவலர். முதற்காவலர் ‘கட்டாயம்’ என்பார். அவரைக் கடவாமல் எவரும் உட்புகல் ஆகாது. அடுத்தவர் ‘போதும்’ என்பார். அவர் தலையசைத்தால் பின்னிருப்போரைக் காணவே வேண்டா. வரிகளின் வரிசையைச் சற்றே மாற்றினால், அரண்மனை சந்தையாகும், அல்லது அரசனே வெளியில் நிற்பான். செய்யுளில் ஓர் அசை பிறழ்ந்தால் தளை தட்டுவதுபோல என்று அவள் நினைத்துக்கொள்வாள். அதனால்தான் திரையின் ஒரு சாளரத்தில் உள்ளே அமர்ந்தபடியே, இன்னொரு சாளரத்தில் வெளியிலிருந்து நுழைந்து பார்த்தாள். வெளியிலிருந்து நுழைய முடிகிறது என்று மும்முறை உறுதியாகும்வரை உள்ளிருக்கும் சாளரத்தை மூடவில்லை.

அவளை ஒவ்வொரு முறையும் வியக்க வைத்தது இதுதான்: கடவுத்தொடர் என்னவென்று அந்த வழங்கிக்கே தெரியாது. தொடரை அது எரித்துவிடுகிறது. சாம்பலை மட்டும் வைத்துக்கொள்கிறது. வாசலில் வந்து நிற்பவர் சொல்லும் தொடரையும் அவ்வாறே எரித்து, இரண்டு சாம்பலும் ஒன்றா என்று பார்க்கிறது. சாம்பலிலிருந்து தொடரை மீட்க எவராலும் இயலாது. ஆளைத் தெரியாது, முகம் தெரியாது, சொல்லும் தெரியாது. ஆயினும் உரியவரை அறிந்துகொள்ளும். அப்படி ஓர் அறிவை அவள் வேறெங்கும் கண்டதில்லை. கேட்டது மட்டும் உண்டு, துதிப்பாடல்களில்.

புதிய கூறு அதற்கு மேலும் ஒரு படி போயிற்று. சாவிகளையெல்லாம் வழங்கிக்குள் இருந்த, சிப் எனப்படும் ஒரு சில்லுக்குள் இறக்கியது. அந்தச் சில்லுக்கு எண்ணத் தெரியும். ஒரு குரலின் வாசலில் ஐந்து முறை தவறான தொடர் விழுந்தால், அந்தக் குரலின் சாவியை அது தானே அழித்துவிடும். எண்ணிக்கையைப் பின்னுக்குத் திருப்பக் கட்டளை கிடையாது. அவளே அப்படிக் கேட்டு வாங்கி அமைத்தாள்.

பொதுச்சாவியை அழிக்குமுன், எல்லோரும் ஒருமுறை தத்தம் தொடரை அடித்துச் சரிபார்க்க வேண்டும் என்று பத்து நாள் கெடு வைத்தாள். வந்தார்கள், அல்லது வீட்டிலிருந்தே அடித்தார்கள். முந்நூற்றுப் பதினொரு பேர் பெயருக்கு எதிரே சரி என்ற குறி தானாக விழுந்தது. ஒரு பெயருக்கு எதிரே மட்டும் அவள் தன் கையால் குறியிட்டாள். அது அவள் அத்தானின் பெயர்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர், மருந்தாளுநர். காய்ச்சல் மாத்திரை கேட்டு வருகிறவரிடமும் “ஔடதம் தயார்” என்று முழங்கிக் கொடுப்பார். அதனால் குடும்பத்தில் அவருக்கே ஔடதம் என்று பெயர் விழுந்தது. கெடு விதித்த பத்து நாளும் அவர் தொண்டை அறுவை முடிந்து கழுத்தில் குழாயோடு படுத்திருந்தார். எழுப்பித் தொல்லை செய்வானேன், அத்தானாவது மறப்பதாவது என்று சின்னவள் குறியை இட்டாள். பொதுச்சாவியை அழித்தாள். அதற்கும் விசைக்கு மேல் விரலை நிறுத்தி, இறைவன் பெயரைச் சொன்னாள்.

அறுவைக்குப் பின் அறுபத்தெட்டாம் நாள், புண் ஆறி, பேசும் கருவி கைக்கு வந்த காலையில் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். கருவி பழுது என்பது அக்காவின் முடிவு. மூன்று முறை அடித்தும் இல்லை இல்லை என்கிறதாம். நாலாம் முறை அடிக்கப் போவதாகச் சொன்னாள். கருவியைத் தொடவே வேண்டாம் என்று சின்னவள் அவளைத் தடுத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அத்தான் சாளரத்தோரம் சாய்ந்திருந்தார்; கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. மடியில் ஒரு சிறு பலகை. எழுதி எழுதி அழிக்கும் வகை. தொடரை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது விதி என்று அவள் தயங்கியபோது, அவர் பலகையில் எழுதிக் காட்டினார்: “உளறிடுவேன்னு பயப்படாதே. உளற வாய் வேணும்ல?” அவர் அதை அழித்துவிட்டுத் தொடரை எழுதினார்.

ஔடதம் மூன்று வேளை சிரிப்பு ஆறு வேளை.

அக்கா எங்கோ ஓர் எழுத்தைத் தவறவிட்டிருப்பாள் என்றே சின்னவள் நம்பினாள். தன் கணினியைத் திறந்தாள். ஒற்றா, குறிலா, இடைவெளி ஒன்றா இரண்டா என்று ஒவ்வொன்றாக எண்ணி அடித்தாள். கட்டளை வரியில் கடவுத்தொடர் அடிக்கும்போது திரையில் எழுத்தும் தோன்றாது, புள்ளியும் தோன்றாது, இருட்டுக்குள் அடிப்பதுபோல்தான். விரலை நிறுத்தினாள், பெயரைச் சொன்னாள், அழுத்தினாள். மறுப்பு என்று ஒற்றை வரி வந்தது. அதன் கீழே, மீதம் ஒன்று என்று இன்னொரு வரி.

மெல்ல அக்காவிடம் விளக்கினாள்: இன்னும் ஒரே ஒரு முறை. அதுவும் தவறினால் அத்தானின் குரல் அந்த அலமாரிக்குள் இருந்தும் இல்லாததாகிவிடும். பிறகு எவராலும் திறக்க முடியாது.

“நீ போட்ட பூட்டுதானே,” என்றாள் அக்கா. “அந்த அஞ்சை அம்பதா மாத்து.”

“மாத்த முடியாதுக்கா. என்னாலயும் முடியாதபடிதான் செஞ்சேன்.”

அக்கா கருவியை எடுத்து ஓரமாக வைத்தாள். “ஆக, என் வீட்டுக்காரர் குரலை நீயே பூட்டி, சாவியையும் நீயே முழுங்கிட்ட.”

அத்தான் பலகையைத் தட்டினார். எழுதியிருந்தார்: “விடு. இருபத்தேழு வருஷம் கேட்டாளே, போதும்.”

அக்கா எழுந்து போய்த் தன் புறங்கையால் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் அழித்தாள். “போதும்னு நான் சொன்னேனா?” என்றாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் சின்னவளுக்கு அந்தப் பூட்டே கண்முன் நின்றது. உலகில் எந்தத் தச்சனும் தான் செய்த கதவை உடைத்துத் திறந்துவிடுவான். இவள் செய்த கதவோ இவளை அறியேன் என்றது. அதன் நேர்மை அவளை நடுங்க வைத்தது. பாகுபாடு இல்லாத ஒன்று வேண்டும் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டார்கள், அது கிடைத்தது. பாகுபாடு செய்தவள் அவள் ஒருத்திதான், கையால் இட்ட ஒரு குறியில்.

மறுநாள் காலை அவள் அலமாரி இருந்த அறைக்குப் போகவில்லை. குரல் பதியும் அறைக்குப் போனாள். சுவரெங்கும் பஞ்சுப் பலகை ஒட்டிய சிற்றறை. தன் மூச்சே தனக்கு உரக்கக் கேட்கும். அங்கிருந்த ஒலிப்பதிவாளரிடம் அத்தான் வந்த நாளைப் பற்றிக் கேட்டாள். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வாக்கியங்களுக்கு நடுவே நகைச்சுவை சொல்லிப் பதிவைக் கெடுத்து, அரைநாள் வேலையை ஒருநாள் ஆக்கியவராயிற்றே என்றார். கடவுத்தொடரை அத்தான் எப்படி அடித்தார் என்று கேட்டாள்.

“கூரையைப் பாத்துட்டே அடிச்சார் மேடம். பழைய டைப்ரைட்டிங் கை. கீபோர்டைத் தொட்டதும் ‘நம்ம மிஷின் மாதிரியே இருக்கே’ன்னு ஒரு சிரிப்பு.”

சின்னவள் அந்த நாற்காலியில் அமர்ந்தாள். விசைப்பலகையைக் குனிந்து பார்த்தாள். தட்டச்சுப்பொறிக் காலத்து அடுக்கு. முதியவர்கள் பலர் வருகிறார்கள் என்று ஒலிப்பதிவாளர் தேடி வைத்தது. அ இருந்தது, ஆ இருந்தது, ஐ இருந்தது, ஒ இருந்தது. ஔ இல்லை. வரிசைக்கு வரிசை விரலால் தடவிப் பார்த்தாள். இல்லை. ஔவுக்கென்று அந்தப் பலகையில் தனி விசையே இல்லை.

மெல்ல, ஒ என்ற விசையைத் தட்டினாள். பின் ள என்ற விசையைத் தட்டினாள்.

திரையில் ஔ நின்றது.

அந்த எழுத்துருவில் கண்ணுக்கு அது ஔதான்; ஒரு நூலிழை வேறுபாடும் இல்லை. பலகையில் எழுதினாலும் ஒன்றே. வாய் இருந்து அவர் சொல்லியிருந்தாலும் ஔ என்றே சொல்லியிருப்பார். ஆனால் இயந்திரத்துக்கு ஔ என்பது ஓர் எழுத்து. ஒவ்வும் ளவும் இரண்டு எழுத்து. இரண்டையும் எரித்தால் இருவேறு சாம்பல். பன்னிரண்டு உயிரெழுத்தில் கடைசி உயிர், அரிச்சுவடியில் அஃகன்னாவுக்கு முன்னால் ஒதுங்கி நிற்பது, ஆண்டு முழுதும் எழுதினாலும் பத்துச் சொல்லுக்கு மேல் வேலை வராதது; அந்த ஓர் உயிருக்குள் ஒரு மனிதரின் குரல் முழுதும் மாட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு மேனி சிலிர்த்தது.

சிலிர்த்தது போதாது, சான்று வேண்டும். குரல் பதிய வந்த அன்றே அதே விசைப்பலகையில் அத்தான் ஒரு விண்ணப்பமும் நிரப்பியிருந்தார். ‘வீட்டில் அழைக்கும் பெயர்’ என்ற இடத்தில் ஔடதம் என்று அடித்திருந்தார். சின்னவள் கறுப்புத் திரையைத் திறந்து, அந்தச் சொல்லில் எத்தனை குறிகள் என்று எண்ணிச் சொல்லுமாறு கட்டளையிட்டாள். இயந்திரத்தின் கணக்கில் புள்ளியும் ஒரு குறி. ஆகவே ஔ, ட, த, ம, புள்ளி: ஐந்து இருக்க வேண்டும்.

ஆறு என்றது.

அன்று பிற்பகல் அக்கா அத்தானைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். சின்னவள் அதற்குள் விசைப்பலகையின் இணைப்பை மூன்று முறை சோதித்திருந்தாள். அக்காவிடம் தாழ்வாரத்தில் வைத்துக் காரணத்தைச் சொன்னாள், அத்தானிடம் சொல்லவில்லை. ஏன் மறைக்கிறாய் என்று அக்கா கேட்டதற்கு, விரலுக்குத் தெரிந்ததை மனத்துக்குச் சொன்னால் மனம் விரலுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிடும் என்றாள். அக்கா தலையை ஆட்டினாள். இருபத்தேழு ஆண்டாக அவரைத் தெரிந்தவள் அவள். சொன்னால் அவர் ஔவைப் பற்றி ஒரு சொற்பொழிவே எழுதத் தொடங்குவார் என்று அவளுக்கும் தெரியும்.

அத்தான் நாற்காலியில் அமர்ந்தார். விசைப்பலகையைத் தொட்டதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சின்னவள் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்: அன்றைக்கு அடித்த மாதிரியே அடியுங்கள். அவர் கூரையைப் பார்த்தார். விரல்கள் இறங்கின.

திரையில் ஏதும் தோன்றாது. ஆகவே அவள் செவியையே கண்ணாக்கி நின்றாள். பஞ்சு ஒட்டிய அந்த அறையில் ஒவ்வொரு தட்டும் தனித்தனியே விழுந்தது. முதல் எழுத்து. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. அதன் பிறகே ட.

இரண்டு தட்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வேளை, சிரிப்பு, ஆறு என்று விரல்கள் ஓடி நின்றன. அத்தான் உள்ளிடு விசைக்கு மேல் விரலை வைத்தபடி திரும்பி அவளைப் பார்த்தார். அவள் வழக்கத்தை அவரும் அறிவார். அவள் மனத்துக்குள் சொல்ல வேண்டியதை அன்று உதடு அசையச் சொன்னாள். அவர் அழுத்தினார்.

சில்லு எரித்தது, ஒப்பிட்டது. நான்கு நொடி. திரையில் ஒரு சொல்லும் வரவில்லை. புதிய வரி ஒன்றின் தொடக்கத்தில், இடங்காட்டிக் கோடு மட்டும் இமைத்துக்கொண்டு நின்றது.

அக்காவின் கை அத்தானின் தோளை இறுகப் பற்றியது. “ஒண்ணுமே சொல்லலையேடி.”

“தப்புன்னாதான்கா அது பேசும்,” என்றாள் சின்னவள். “ஒண்ணும் சொல்லலைன்னா திறந்துடுச்சுன்னு அர்த்தம்.”

எத்தனையோ முறை அவள் பார்த்த மௌனம்தான் அது. கட்டளை வரியில் தவறுக்குத்தான் சொல் உண்டு. நிறைவுக்குச் சொல் இல்லை. ஆனால் அன்று அந்த மௌனத்தின் முன் அவளுக்குக் கைகூப்பத் தோன்றியது. கூப்பியும் விட்டாள், ஒலிப்பதிவாளர் பார்த்துவிட்டுப் பாராததுபோல் திரும்பிக்கொண்டார்.

பேசும் கருவியை அந்த விசைப்பலகையோடு பொருத்தினார்கள். குரல் வழங்கியிலிருந்து கருவிக்கு இறங்கச் சில நிமிடம் ஆயிற்று. எதை முதலில் பேசுவது என்று அத்தான் வெகுநேரம் யோசித்தார். அறுபத்தொன்பது நாளாகச் சேர்த்து வைத்திருந்தவை ஆயிரம் இருந்திருக்கும். கடைசியில் கூரையைப் பார்த்து, விரல்களை இறக்கி, ஒரு வரி அடித்தார். மனைவியின் பக்கம் திரும்பி, பெருமையோடு கருவியை நீட்டினார்.

கருவி அத்தானின் குரலில், அதே கரகரப்பில், சொல்லின் தொடக்கத்தில் அவர் எப்போதும் இழுக்கும் அதே இழுப்போடு பேசியது:

“ஒ–ள–டதம் வந்திருக்கேன்.”

இரண்டு விசைக்கு இரண்டு ஒலி. அது நேர்மையாகவே வாசித்தது. அத்தானுக்கு முதலில் விளங்கவில்லை. பலகையைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார். அவள் விரலால் ஒவ்வையும் ளவையும் தொட்டுக் காட்டினாள். ஒரு நாள் அல்ல, இத்தனை ஆண்டாகத் தன் விரல்கள் தன் பெயரையே ஒளடதம் என்று எழுதிவந்திருக்கின்றன என்பது அவருக்கு மெல்ல உறைத்தது. ஓசையில்லாமல் அவர் தோள்கள் குலுங்கின.

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே இருக்கையில் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை. அத்தான் வெட்கப்பட்டு, சரியான ஔ கருவிக்குள் எங்கே இருக்கிறது என்று தேடப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“திருத்த வேணாம்,” என்றாள். “இன்னொரு தடவை தப்பாவே சொல்லச் சொல்லு, சின்னவளே.”